யோகப் பயிற்சி: பார்த்துத் திருத்தும் ஆசிரியர் ஏன் வேண்டும்?

"டாக்டர், யோகா செய்யலாமா?" எங்கள் பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் மருந்துச் சீட்டு எழுதி முடித்த பிறகு, எழுந்து செல்லும் வேளையில்தான் இது கேட்கப்படுகிறது. நோயாளியைவிட உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ மருமகளோ கேட்பதே மிகுதி. பெரும்பாலானோருக்கு எங்கள் விடை "செய்யலாம்" என்பதே. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு ஒருவரை அனுப்பிவிட இயலாது. எந்தப் பயிற்சியை, எப்போது முதல், எவ்வளவு நேரம் செய்வது என்பதற்கும் விடை வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னால், யாரிடம் பயில்வது என்பது தெளிவாக வேண்டும்.

நோயுற்றவர்கள் யோகத்தை அனுபவமிக்க ஓர் ஆசிரியரிடம், அதுவும் தம் வீட்டுக்கு அருகிலேயே இருப்பவரிடம், நேரில் பயில வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்தி வருகிறோம். அதற்கான காரணங்களையும், நல்ல ஆசிரியரைத் தெரிந்தெடுக்கும் வழியையும், நோய்க்கு ஏற்பக் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

யோகம் எதைத் தரும், எதைத் தராது?

முதலில் எதிர்பார்ப்பைச் சரியாக அமைத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகம் எவ்வளவு உதவும் என்பதை அறிய நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. 'யோகா-கேர்' எனப்பட்ட அந்த ஆய்வில் இந்தியாவின் 24 மருத்துவ மையங்களைச் சேர்ந்த 3,959 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதங்களில் 13 யோக வகுப்புகள் நேரில் நடத்தப்பட்டு, வீட்டிலும் தொடருமாறு ஊக்கம் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் அறிவுரைகள் வழங்கப்பட்டன. 2020-இல் வெளியான முடிவுகளின்படி, உயிரிழப்பு, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரு பிரிவினருக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் யோகம் பயின்றவர்கள் தம் உடல்நலம் சற்று மேம்பட்டிருப்பதாக உணர்ந்தனர். நோய்க்கு முன் செய்துவந்த அன்றாட வேலைகளுக்கும் அவர்களே கூடுதலாகத் திரும்பினர்.

இந்த முடிவு எங்களுக்கு ஏமாற்றம் அளிக்கவில்லை. மாரடைப்புக்குப் பின் பலரை முடக்குவது இதயத்தைவிட அச்சம்தான். மாடிப்படி ஏறலாமா, வாளியைத் தூக்கலாமா, பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தயங்கி, நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவர்கள் ஏராளம். அவர்களை மீண்டும் வாழ்க்கைக்குள் அழைத்து வருவது பெரிய உதவி.

முதுகுவலியில் சான்று இன்னும் வலுவாக உள்ளது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளை முதலில் முயலுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகமும் இடம்பெற்றது. அதே ஆண்டில், பாஸ்டன் நகரில் 320 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று வெளியாயிற்று. வாரம் ஒரு வகுப்பாக 12 வாரங்கள் யோகம் பயின்றவர்கள், பிசியோதெரபி பெற்றவர்களுக்கு இணையாக முன்னேறினர் என்று அது காட்டியது. முதியவர்களுக்கு நடையிலும் உடற்சமநிலையிலும் ஓரளவு முன்னேற்றம் கிடைப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன.

மூச்சுப் பயிற்சியின் பயன் உடலியங்கியல் வழியே விளங்குகிறது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை வலிந்து இழுக்காமல், மெல்ல நிமிடத்துக்கு ஆறு அளவுக்குக் குறைக்கும்போது, இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு அனிச்சைகள் கூர்மை பெறுகின்றன. அதனால் இரத்த அழுத்தம் சிறிதளவு குறைகிறது.

இனி, யோகத்தால் ஆகாதவை. இரத்தக் குழாயில் ஏற்கெனவே உள்ள அடைப்பை அது கரைக்காது. டைப் 1 நீரிழிவுக்கு இன்சுலினுக்கு மாற்றாக அது நில்லாது. ஸ்டென்ட் வைத்தவர் உட்கொள்ளும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு எந்த ஆசனமும் ஈடாகாது. யோகம் மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டிய துணை. எங்கள் பிரிவில் இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்மணி, மூச்சுப் பயிற்சியே போதுமென்று கைப்பேசிக் காணொளியில் கேட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஏழு வாரங்களில் வாய் கோணி, வலக்கை செயலிழந்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். உயிர் பிழைத்தார்; ஆனால் தம் கையால் சோறு பிசைந்து உண்ண ஐந்து மாதங்கள் ஆயின. அவர் செய்த மூச்சுப் பயிற்சியில் குற்றமில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை என்பதே குறை.

ஆசிரியரின் கண்

தமக்குத் தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்வது தொடக்கநிலைப் பயிற்சியாளர் ஏறத்தாழ எல்லோரிடமும் காணப்படும் வழக்கம். கையை உயர்த்தும்போதும், காலைத் தூக்கும்போதும், சமநிலை தடுமாறும்போதும் மூச்சு தானே நின்றுவிடுகிறது. மூச்சை அடக்கி முக்கும் அந்தச் சில நொடிகளில் இரத்த அழுத்தம் சட்டென உயர்ந்து பின் இறங்குகிறது. இளைஞருக்கு இது பெரிதல்ல. இதய நோயாளிக்குப் பெரிது. தம் மூச்சு நின்றதை அவரால் உணர முடிவதில்லை. எதிரே நிற்கும் ஆசிரியர் தொண்டையின் இறுக்கத்தையும் முகத்தின் சிவப்பையும் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறார். "மூச்சை விடுங்கள், கையை இறக்குங்கள்" என்கிறார். காணொளியில் வருபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் அவரால் உங்களைப் பார்க்க இயலாது.

பயிற்சியை ஆளுக்கேற்ப அமைப்பது நம் மண்ணில் நன்கு வளர்ந்த மரபு. 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், வயது, உடல்வாகு, நோய், தொழில் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி அமைத்தவர். ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைப்பது அவர் முறையின் அடிப்படை. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அவ்வழியைத் தொடர்ந்தது. அவரிடம் இளமையில் பயின்ற பி.கே.எஸ். அய்யங்கார், நாற்காலி, பட்டை, மரக்கட்டை, போர்வை போன்ற துணைப்பொருள்களைக் கொண்டு, உடல் இயலாதவர்களும் ஆசனங்களைச் செய்ய வழிகாட்டினார்.

இந்த மரபில் தேர்ந்த ஆசிரியர், முழங்கால் தேய்ந்தவரைத் தரையில் சம்மணமிடச் சொல்லமாட்டார். நாற்காலியில் அமர்த்தி அதே மூச்சுப் பயிற்சியைத் தருவார். பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவருக்கு, நல்ல கையால் அதைத் தாங்கி உயர்த்தக் கற்பிப்பார். நிற்கத் தடுமாறும் மூதாட்டியைச் சுவரருகே நிறுத்திவைப்பார். இன்று முடிந்தது நாளை முடியாமற்போனால் அதையும் ஏற்று, அன்றைய பயிற்சியைக் குறைப்பார். அனுபவம் என்று நாங்கள் குறிப்பிடுவது இத்திறனையே. ஆசிரியர் எவ்வளவு வளைந்து காட்டுகிறார் என்பது நோயாளிக்குப் பயன்படும் அளவுகோல் ஆகாது.

அருகில் இருப்பதன் பயன்

புகழ்பெற்ற நிலையங்கள் பல இருக்க, வீட்டுக்கு அருகில் இருப்பவரைத் தேடச் சொல்வது ஏன் என்று சிலர் வியப்பதுண்டு. யோகத்தின் பயன் தொடர்ச்சியில் இருக்கிறது. இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய வகுப்புக்கு முதல் மாதம் செல்வோம். மழை பெய்தாலோ வீட்டில் விசேஷம் வந்தாலோ விட்டுப்போகும். பத்து நிமிட நடையில் உள்ள வகுப்பு நிலைக்கும். அந்த நடையே உடற்பயிற்சியில் ஒரு பங்கு.

அருகிலிருக்கும் ஆசிரியருக்கு உங்கள் பேச்சும் வாழ்க்கையும் தெரியும். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது", "கை கால் மதமதங்குது" என்று நீங்கள் சொல்வதன் பொருள் அவருக்கு உடனே விளங்கும். நீங்கள் அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிப்பதும், இரவுப் பணிக்குச் செல்வதும், விரதம் இருப்பதும் அவர் அறிந்தவை. அதற்கேற்ப வகுப்பு நேரத்தையும் பயிற்சியையும் மாற்றித் தருவார். இரண்டு நாள் வராவிட்டால் விசாரிப்பார். நோயாளிகளுக்கு இந்த விசாரிப்பின் மதிப்பு மிகப் பெரிது.

ஸ்டென்ட் வைத்த பின் மூன்று மாதங்கள் வீட்டைவிட்டு வெளியேறாதிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்கள் பராமரிப்பில் இருக்கிறார். அவர் குனிந்து செருப்பை எடுப்பதற்குக்கூட அவருடைய மனைவி விடுவதில்லை. பரிசோதனைகளெல்லாம் நன்றாக இருந்ததால், அடுத்த தெருவில் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஆசிரியர் ஒருவரிடம் கடிதம் எழுதி அனுப்பினோம். முதல் இரு வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து கையசைத்து மூச்சு விடுவது மட்டுமே பயிற்சி. அவர் மனைவியையும் உடன் அமர்த்தி, கணவரின் மூச்சைக் கவனிக்கக் கற்றுத் தந்தார் அந்த ஆசிரியர். கணவர் கையை உயர்த்தினாலும் ஒன்றும் நேரவில்லை என்பதை அந்த அம்மையார் நாள்தோறும் தம் கண்ணால் கண்டார். நான்காம் மாத மறுபரிசோதனைக்கு இருவரும் நடந்தே வந்தனர். மாத்திரைகளில் ஒன்றையும் நாங்கள் குறைக்கவில்லை; அவற்றோடுதான் இந்த மாற்றம் நிகழ்ந்தது.

நோய்க்கேற்ற கவனம்

வகுப்பில் சேருமுன் உங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். பின்வருவனவற்றை ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ்: இதயநோய் மருத்துவர் நாள் குறித்த பின்னரே தொடங்க வேண்டும். பைபாஸ் செய்தவர்களின் மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கைகளில் உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களும், மார்பை விரித்து இழுக்கும் ஆசனங்களும் கூடா.

உயர் இரத்த அழுத்தம்: தலைகீழ் ஆசனங்கள், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ள நாளில் வகுப்பைத் தள்ளிவைத்து மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை உட்கொள்பவர்கள் சவாசனத்திலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றும். ஒருக்களித்துப் படுத்து, அமர்ந்து, சற்றுப் பொறுத்து எழுங்கள்.

கண் அழுத்த நோய்: கிளாக்கோமா எனப்படும் இந்நோய் உள்ளவர்கள் சிரசாசனம் செய்யலாகாது. சென்னை மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைப் பரிசோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்கானது தெரியவந்தது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழ் ஆசனங்களில் இறங்க வேண்டாம்.

நீரிழிவு: யோகம் வெறும் வயிற்றில் செய்வது வழக்கம். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அதனால் சர்க்கரை தாழக்கூடும். வகுப்புக்கு முன் அளவு 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் சிறிதளவு உண்டு, அளவு ஏறிய பின்னரே தொடங்குங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கால் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள் வகுப்பு முடிந்ததும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலும்பு அடர்த்திக் குறைவு: மாதவிலக்கு நின்ற பெண்களிடமும், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமும் இது மிகுதி. முதுகை வளைத்து முன்னே குனியும் பச்சிமோத்தாசனம் போன்றவையும், முதுகைப் பலமாக முறுக்குபவையும் முதுகெலும்பை நொறுங்கச் செய்யக்கூடும். நிமிர்ந்து நிற்பவையும், சுவரைப் பிடித்துச் சமநிலை பழகுபவையும் இவர்களுக்கு ஏற்றவை.

ஆஸ்துமா, நாள்பட்ட சுவாச நோய்: மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடும் பயிற்சி உதவும். இன்ஹேலரை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். இளைப்பு உள்ள நாளில் பயிற்சி வேண்டாம்.

கருவுற்ற தாய்மார், கழுத்தெலும்புத் தேய்மானம் அல்லது குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் தத்தம் சிறப்பு மருத்துவரிடம் தனியே ஆலோசனை பெற வேண்டும்.

பயிற்சியின் இடையே நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

நல்ல ஆசிரியரை அறிவது எப்படி?

சேருமுன் ஒரு வகுப்பை அமர்ந்து பாருங்கள். ஆசிரியர் தாம் செய்துகாட்டுவதிலேயே நேரத்தைக் கழிக்கிறாரா, மாணவர்களிடையே நடந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஐம்பது பேர் நெருங்கி நிற்கும் கூடத்தில் நோயாளிக்குத் தனிக் கவனம் கிடைப்பது அரிது.

நல்ல ஆசிரியர் முதல் நாளிலேயே கேள்வி கேட்பார்: என்ன நோய், என்ன மாத்திரை, எந்த அறுவை சிகிச்சை, எங்கே வலி, தூக்கம் எப்படி என்பார். அவரிடம் நீங்களும் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கிறார், யாரிடம் பயின்றார், உங்கள் நோய் உள்ள பிறரைப் பயிற்றுவித்திருக்கிறாரா, மருத்துவரோடு பேச ஒப்புவாரா என்று கேட்பதில் தவறில்லை. ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தைச் சார்ந்த யோகச் சான்றிதழ் வாரியம் ஆசிரியர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது. யோக, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுப் பட்டம் பெற்ற மருத்துவர்களும் உள்ளனர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் அவர்களுக்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

சிலரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், குறித்த நாள்களில் நோயைத் தீர்ப்பதாக உறுதி தருபவர், வலிக்கிறது என்ற பிறகும் முதுகில் அழுத்தி வளைப்பவர், கூடவே பொடியையும் லேகியத்தையும் விற்பவர், உங்கள் மருத்துவ அறிக்கையைப் பார்க்க மறுப்பவர் ஆகியோர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும் நோயாளிக்கு ஏற்றவர் அல்லர்.

பராமரிப்பவர்களுக்கு

நோயாளியைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, இரவில் விழித்திருப்பவர்களுக்கு முதுகுவலியும் தூக்கமின்மையும் மிகவும் பொதுவானவை. அவர்கள் தம் வலியைப் பற்றி எங்களிடம் பேசுவதே இல்லை. கேட்டால், "எனக்கென்ன டாக்டர், இவரைப் பாருங்கள்" என்பார்கள்.

நோயாளிக்கு ஆசிரியர் கிடைக்கும்போது நீங்களும் அதே வகுப்பில் அமருங்கள். வீட்டில் பயிற்சியைச் சரிபார்க்க அது உதவும். அதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் உங்கள் உடலுக்கென ஒதுங்கும். நோயாளியை விட்டு அகல முடியாதவர்கள், சில வகுப்புகளை வீட்டுக்கு வந்து எடுக்குமாறு ஆசிரியரைக் கேட்கலாம். அருகில் வசிப்பவராயின் பலர் மறுப்பதில்லை.

தொடங்கும் முறை

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது யோகம் பற்றிய கேள்வியைக் கிளம்பும் நேரத்துக்கு விட்டுவைக்காமல் முதலிலேயே கேளுங்கள். எவை செய்யலாம், எவை கூடா என்று எங்களிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். அச்சீட்டையும், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும், மாத்திரைப் பட்டியலையும் ஆசிரியரிடம் கொடுங்கள். முதல் மாதம் வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். ஆசிரியர் முன்னிலையில் மூன்று நான்கு முறை சரியாகச் செய்தவற்றை மட்டும் வீட்டில் தனியே செய்யுங்கள். அவர் வீட்டுப் பயிற்சியாகத் தரும் காணொளியையோ படத்தையோ நினைவூட்டலுக்குப் பயன்படுத்தலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வாருங்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ குறைந்திருந்தால் மாத்திரையின் அளவை மாற்றுவது பற்றி அப்போது நாங்கள் முடிவு செய்வோம். அதுவரை ஒரு வேளை மாத்திரையையும் விடாதீர்கள். ஆசிரியர் உங்களிடம் கண்டவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எந்த அசைவில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பக்கம் தடுமாறுகிறது என்று அவர் எழுதும் இரண்டு வரிகள் எங்கள் சிகிச்சைக்கும் வழிகாட்டும்.